பூரட்டாதியில் புதிய குரு

கஸ்தூரிரங்கன் ஜாதகத்தில் பொய் சொல்ல மாட்டார் என்பது மயிலாப்பூர் மாட வீதிகள் நான்கிலும் பிரசித்தம். ரயில்வே ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். ஜோசியம் அவருக்குத் தொழில் இல்லை, தொற்றிக்கொண்ட வியாதி என்றுதான் சொல்ல வேண்டும். யாரிடமும் கை நீட்டாமல் பொருத்தம் பார்த்துக் கொடுப்பார். பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டால், பெண்ணைப் பெற்றவர் காலில் விழுந்து புரண்டாலும் பொருந்தாது.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு ஊர் சொல்லும். எங்காத்து மனுஷர் ஒரே ஒரு நிஜத்தைச் சொல்லி ஆயிரம் கல்யாணத்தை நிறுத்துவார்" என்பாள் அவர் மனைவி சூடாமணி. அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் முழுச் சிரிப்பு இல்லை. ஏனென்றால் நின்றுபோன கல்யாணங்களில் முதலாவது அவள் வீட்டுக் கல்யாணம்.

பெண் ஸ்ரீரஞ்சனி அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறாள். அவள் பிறந்தது அறுபத்திரண்டு பிப்ரவரி. எட்டு கிரகங்கள் மகரத்தில் கூடுகின்றன, உலகம் அழியப் போகிறது என்று தேசம் முழுக்க யாகம் நடந்ததே, அந்த வாரம். உலகம் அழியவில்லை. சூடாமணிக்கு வலி எடுத்தது. குழந்தை அழுத சத்தம் கேட்டதும் கஸ்தூரிரங்கன் முதலில் பார்த்தது கடிகாரத்தை. குழந்தையைப் பார்த்தது அப்புறம்தான். பூரட்டாதி நட்சத்திரம், கும்ப ராசி என்று கட்டத்தைப் போட்டவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குரு சூரியனோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

இதற்கு அஸ்தங்கம் என்று பெயர். சூரியனை ரொம்ப நெருங்கிப் போன கிரகம் அவன் வெளிச்சத்தில் மறைந்துபோய், இருந்தும் இல்லாததுபோல் பலமிழந்துவிடும் என்பது சாஸ்திரம். பெண் ஜாதகத்தில் கணவனைச் சொல்கிறவர் குரு. அந்தக் குருவே வெந்து கிடந்தால், அவளைக் கட்டிக்கொள்கிறவன் என்ன ஆவான்?

பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று போன கதை ஊரில் நிறைய உண்டு. இந்த வீட்டில் மட்டும் சொஜ்ஜி வாணலியில் கிளறுபட்டுக்கொண்டிருக்கும்போதே பெண்ணைப் பெற்றவர் வேண்டாம் என்பார். "யாரோ பெத்த பிள்ளையைத் தெரிஞ்சே குழில தள்ளச் சொல்றியா?" என்று சூடாமணியிடம் பாய்வார். பெண்ணிடம் அவருக்கு உயிர். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அவள் கல்லூரியிலிருந்து திரும்பும் பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் லஸ் முனைக்கு வந்து நிற்கிற மனுஷர். ஆனால் அந்த உயிரையும் தாண்டி ஒரு பயம் அவருக்குள் உட்கார்ந்திருந்தது. அதை எழுப்பி வெளியே அனுப்ப யாராலும் முடியவில்லை.

ஸ்ரீரஞ்சனி இதை எல்லாம் கேலியாகவே எடுத்துக்கொண்டு முப்பதைத் தாண்டிவிட்டாள். கேலி எது வரைக்கும் போகும்? கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுக்கும் சுந்தரராமன் வருகிற வரைக்கும்தான் போயிற்று. ஆதம்பாக்கத்தில் அம்மாவோடு இருக்கிறான். எந்தப் பருவத்திலும் குடை இல்லாமல் வெளியே வர மாட்டான், அதை எங்கேயாவது மறந்து வைக்காமல் வீடு திரும்பவும் மாட்டான். அந்தக் குடையைத் தேடித் தேடியே இரண்டு பேரும் சிநேகமானார்கள். அவனோடு பேசிக்கொண்டிருந்தால் நாள் முழுக்கப் பேசலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை அம்மாவிடம் சொன்னாள், அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

தொண்ணூற்றைந்து நவராத்திரி முடிந்த கையோடு சுந்தரராமன் வீட்டுக்கே வந்து, கஸ்தூரிரங்கன் எதிரில் உட்கார்ந்து நேராகவே கேட்டான். அவன் ஐயர், இவர்கள் ஐயங்கார். அதைக் கிழவர் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. "அதெல்லாம் பாத்துண்டிருந்த காலம் மலையேறிப் போச்சு" என்றார். குருவைச் சொன்னார். சொல்லிவிட்டு விரலை மடக்கி எண்ணினார். இத்தனை நாள் பத்தாம் இடத்தில் கிடந்த குரு மார்கழிக்கு முன்னால் பதினொன்றுக்குப் பெயர்கிறார். கும்ப ராசிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அஸ்தங்கமான ஜாதகத்தையே கொஞ்சம் தூக்கிப் பிடித்தாலும் பிடிக்கும்.

"குருப்பெயர்ச்சி ஆகட்டும். ஆனதும் நானே சொல்லி அனுப்பறேன்" என்றார்.

பத்து வருஷமாக அந்த வாயிலிருந்து வராத வார்த்தை. சமையலறையில் அடைக்கு அரைக்கத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஸ்ரீரஞ்சனி தேங்காயோடு விரலையும் சேர்த்துத் துருவிக்கொண்டாள். சூடாமணி மஞ்சள்பொடியை வைத்து அழுத்தினாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஸ்ரீரஞ்சனி கெட்டதும் அப்படித்தான்.

தீபாவளி முடிந்து, மறுநாளே வந்த சூரிய கிரகணமும் முடிந்து, மழை தொடங்கியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அவள் தலை ஈரத்தைக்கூடத் துவட்டாமல் உள்ளே வந்தாள். கல்லூரி நூலகத்தில் ஒரு சஞ்சிகை படித்திருக்கிறாள். சந்தோஷம் தாங்கவில்லை. தட்டில் சாதம் விழுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா, நம்ம சூரியன் மாதிரியே ஒரு நட்சத்திரம். அதைச் சுத்தி ஒரு கிரகம் இருக்குன்னு ஸ்விட்சர்லாந்துக்காரா கண்டுபிடிச்சிருக்கா. இன்னொரு சூரியனுக்குக் கிரகம்! இத்தனை வருஷமாத் தேடிண்டிருந்தாப்பா."

"அங்கேயும் கிரகமா?" என்று சூடாமணி சாத்தமுது கரண்டியால் ரசத்தைக் கலக்கினாள். "இங்க இருக்கற ஒம்போதுக்கே பதில் சொல்லி முடியலை."

"எப்பேர்ப்பட்ட கிரகம்?" கஸ்தூரிரங்கனுக்கு ஆர்வம் வந்துவிட்டது.

"கல்லும் மண்ணும் இல்லை. முழுக்க வாயு. பெரிய உருண்டை. அதுவும் கொதிக்கிற வாயு."

"உஷ்ண வாயு" என்றாள் சூடாமணி. "அப்பாவுக்கு வர்றதே, அதுவா? ஓமத்தண்ணி குடுக்கச் சொல்லு."

மூன்று பேரும் சிரித்தார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பௌதிகக்காரி நிறுத்துவாளா?

"நம்ம வியாழன் மாதிரி அப்பா, உங்க குரு. ஆனா வியாழன் எங்கேயோ தள்ளி இருக்கு, ஒரு சுத்து சுத்தப் பன்னெண்டு வருஷம் ஆறது. இது அந்த நட்சத்திரத்தோட ஒட்டிண்டு, நாலே நாள்ல ஒரு சுத்து. இது எங்க இருக்கு தெரியுமோ? வானத்துல ஒரு பெரிய சதுரம் இருக்கே, அதோட ஒரு பக்கம். நம்ம பூரட்டாதிப்பா! என் நட்சத்திரம்!"

கஸ்தூரிரங்கனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பேயறைந்தவர்போல ஆகிவிட்டார் என்று சொன்னால் மிகை இல்லை. பூரட்டாதிக்கு அதிபதியே குரு. பெண் பிறந்த நட்சத்திரத்தில் ஒரு குரு, அதுவும் தன் சூரியனோடு ஒட்டிக்கொண்டு, கொதித்துக்கொண்டு. கட்டத்தில் தான் போட்டது தப்பாக இருக்கக் கூடாதா என்று இத்தனை வருஷம் உள்ளுக்குள் ஏங்கியவர் அவர். இப்போது ஆகாசமே அதே கட்டத்தைப் போட்டுக் காட்டிவிட்டது. இனி பதினொன்றில் குரு வந்தால் என்ன, பத்தில் கிடந்தால் என்ன?

மோர் சாதம் சாப்பிடாமல் எழுந்து போனார். மறுநாள் காலையில் அவரே கல்லூரிக்குப் போன் செய்து சுந்தரராமனை வரச்சொன்னார். வந்தவனிடம் முடியாது என்று சொல்லிவிட்டார்.

"எனக்கு இதுல எல்லாம் பயமில்லை மாமா" என்றான் அவன்.

"உங்களுக்கு பயமில்லை. நேக்கு இருக்கே" என்றார். அவன் அவருக்கு நமஸ்காரம் பண்ணிவிட்டு, மழையில் குடையை அங்கேயே மறந்துவிட்டுப் போனான்.

ஸ்ரீரஞ்சனி சண்டை போடவில்லை. அழுததை யாரும் பார்க்கவுமில்லை. காலையில் கல்லூரிக்குப் போனாள், சாயங்காலம் வந்தாள், தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள். கேலி மட்டும் நின்றுவிட்டது. வாயாடிப் பெண் இருக்கிற வீட்டில் சத்தம் நின்றால் அதைவிடப் பெரிய சத்தம் வேறு கிடையாது. சூடாமணிதான் ஒரு நாள் தாங்க முடியாமல் கணவரிடம் சொன்னாள்: "எங்கேயோ அம்பது ஒளியாண்டு தள்ளின்னு அவ சொன்ன கிரகம், அது என்ன பாவம் பண்ணித்து? அதை இழுத்துண்டு வந்து என் பொண்ணு தலைல உக்காத்தி வெச்சிருக்கேளே."

"நானா இழுத்துண்டு வந்தேன்? அவதானே சொன்னா!"

"சந்தோஷமாச் சொன்னா. அதைப் போய்ப் பிடிச்சுண்டேளே."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மனசு சரியில்லை என்றால் அவர் போகிற இடம் கச்சேரி ரோட்டில் குலாம் முகம்மதுவின் மூக்குக்கண்ணாடிக் கடை. இரண்டு பேருக்கும் காலை நடையில் ஏற்பட்ட பழக்கம். குலாம் முகம்மது அவரை 'ஐயரே' என்று கூப்பிடுவார். இவர் திருத்துவார். அவர் மறுபடியும் அப்படியே கூப்பிடுவார்.

"இன்னா ஐயரே, மூஞ்சி தொங்கிக்கினு கீது?"

"ஐயர் இல்லைய்யா, ஐயங்கார்."

"ரெண்டு பேருக்கும் ஒரே பவர் கண்ணாடிதான் தர்றேன். அத்த வுடு. இத்தப் பாத்தியா நீ?"

கடைக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வடக்கு மாட வீதிப் பக்கத்து வாசகசாலையில் மாதா மாதம் ஒரு சொற்பொழிவு நடக்கும். வழக்கமாகப் பத்துப் பேர் வருவார்கள், அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இந்த மாதம் பேச ஸ்ரீரஞ்சனியைக் கேட்டிருந்தார்கள். 'பிற விண்மீன்களின் கோள்கள்' என்று அவள் தலைப்புக் கொடுத்திருந்தாள். இந்தத் தலைப்புக்கு ஈ காக்கை வராது என்று வாசகசாலைக் காரியதரிசிக்குத் தோன்றியிருக்கிறது. அவள் சொன்ன விஷயத்தை விசாரித்து, தன் இஷ்டத்துக்கு மாற்றி அச்சடித்துவிட்டார்: 'பூரட்டாதியில் புதிய குரு! பேராசிரியை ஸ்ரீரஞ்சனியின் சிறப்புச் சொற்பொழிவு. அனைவரும் வருக.'

"உன் பொண்ணு ஜோசியம் சொல்லுதாமே? சொல்லவே இல்லியே நீ" என்றார் குலாம் முகம்மது.

கஸ்தூரிரங்கன் தலையில் அடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் வாசகசாலை மாடியில் கால் வைக்க இடமில்லை. மயிலாப்பூரில் பூரட்டாதிக்காரர்கள் இத்தனை பேரா என்று காரியதரிசியே வாயைப் பிளந்தார். சிலர் ஜாதகக் கட்டோடு வந்திருந்தார்கள். ஒரு மாமி கோயிலுக்குப் போகிற வழியில் கையில் கொண்டைக்கடலை மாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். குருவுக்கு உகந்ததாயிற்றே. சூடாமணி பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். கஸ்தூரிரங்கன் வரவே போவதில்லை என்று இருந்தவர். குலாம் முகம்மதுதான் கையைப் பிடித்து இழுத்துவந்து கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்.

கூட்டத்தைப் பார்த்ததும் ஸ்ரீரஞ்சனி முதலில் திகைத்தாள். பின்னால் சுவரில் தொங்கிய நோட்டீஸைத் திரும்பிப் பார்த்தாள். விஷயம் புரிந்தது. பல நாளாகக் காணாமல் போயிருந்த அந்தச் சிரிப்பு அவள் உதட்டோரத்தில் வந்து நின்றது. கடைசி வரிசையில் அவள் அப்பாவுக்கு அது தெரிந்தது.

அரை மணி பேசினாள். எளிமையாக, யாரையும் அசடாக்காமல் பேசினாள். முடித்ததும் கைகள் உயர்ந்தன.

"மீன ராசிக்கு என்ன பலன் சொல்லலையே அம்மா?"

"அந்தக் கிரகம் இருக்கறதே நமக்கு இப்பத்தான் மாமா தெரியும். நாம இருக்கறது அதுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சப்பறம் பலன் கேட்போம்."

சிரிப்பு. இன்னொருவர் எழுந்தார். அவர் பாங்க் மேனேஜராக இருந்தவர், கணக்கில் புலி. "நாலு நாள்ல ஒரு சுத்துங்கறேள். பன்னெண்டு ராசி. அப்ப குருப்பெயர்ச்சி எட்டு எட்டரை மணி நேரத்துக்கு ஒண்ணா?"

"கணக்கு ரொம்பச் சரி. காலம்பற காப்பிக்கு ஒண்ணு, சாயங்காலம் டிபனுக்கு ஒண்ணு, தூக்கத்துல ஒண்ணு."

"அப்ப அந்த ஊர்ல கல்யாணமாகாத பொண்ணே இருக்க மாட்டா" என்றாள் கொண்டைக்கடலை மாமி பெருமூச்சோடு. "எட்டு மணி நேரம் பொறுத்தாப் போறும், கல்யாணத்துக்கு வியாழ நோக்கம் வந்துடும்."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. ஸ்ரீரஞ்சனியும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. கஸ்தூரிரங்கன் எழுந்து நின்றிருந்தார். குலாம் முகம்மது வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. மாட வீதியில் அவரைத் தெரியாதவர்கள் யார்? ஹால் அமைதியாகிவிட்டது.

"பேராசிரியர் அவர்களே" என்று ஆரம்பித்தார். பெண்ணை அப்படிக் கூப்பிட்டு அவருக்குப் பழக்கமில்லை. "அந்தக் குரு தன் சூரியனை ஒட்டிண்டு இருக்கார்ங்கறேள். அப்ப அது நிரந்தர அஸ்தங்கம். அஸ்தங்கமான கிரகத்துக்குப் பலம் கிடையாது. இருந்தும் இல்லாத மாதிரிதானே?"

ஸ்ரீரஞ்சனி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இது மீன ராசிக்காரர் கேள்வி இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"அஸ்தங்கம்தான். அதை யாரும் பார்க்கலை. எவ்வளவு பெரிய டெலஸ்கோப் வெச்சாலும் தெரியலை, அந்த நட்சத்திரத்தோட வெளிச்சத்துல மறைஞ்சு கிடக்கு. அப்ப எப்படிக் கண்டுபிடிச்சா? நட்சத்திரம் ஆடித்து. ஒரு அப்பா குழந்தையோட ரெண்டு கையையும் பிடிச்சுண்டு சுத்தறார்னு வெச்சுக்கோங்கோ. குழந்தைதான் பெரிசா சுத்தும். ஆனா அப்பாவும் நின்ன இடத்துலயே கொஞ்சம் தள்ளாடுவார், இல்லையா? தூரத்துலேர்ந்து பாக்கறவாளுக்குக் குழந்தை தெரியாட்டாலும், அவர் தள்ளாடறதை வெச்சே கையில ஒரு குழந்தை இருக்குன்னு சொல்லிடலாம். அப்படித்தான் சொன்னா. பலமே இல்லாத கிரகத்தால ஒரு சூரியனை எப்படி அசைக்க முடியும்?"

கஸ்தூரிரங்கன் நின்றுகொண்டே இருந்தார். கேட்க வேண்டியது அதுவல்ல. கேட்க வேண்டியதை இத்தனை வருஷமாக அவர் யாரிடமும் கேட்டதில்லை.

"இவ்வளவு கிட்டக்க, இவ்வளவு உஷ்ணத்தோட ஒண்ணு சுத்திண்டிருக்கே..." குரல் தணிந்துவிட்டது. "அந்தச் சூரியனுக்கு... அவனுக்கு ஒண்ணும் ஆகலையாம்மா?"

அந்தக் கேள்வியில் எந்த நட்சத்திரமும் இல்லை. யாரோ பெற்ற பிள்ளை ஒருவன்தான் இருந்தான். ஸ்ரீரஞ்சனிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஒண்ணும் ஆகலைப்பா" என்றாள். "கோடிக்கணக்கான வருஷமா நன்னாத்தான் இருக்கு. கொஞ்சம் ஆடறது. அவ்வளவுதான்."

"கட்டிண்டவா ஆடாம இருப்பாளா?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. வேறு யார், சூடாமணிதான். ஹால் இடிந்துவிடுகிற மாதிரி சிரிப்பு. ஆண்கள் வரிசையில் பாதிப் பேர் தலையை ஆட்டி ஆமோதித்தார்கள். குலாம் முகம்மது தொடையில் தட்டிக்கொண்டு, "கரெக்டு, கரெக்டு, நம்ம வூட்லயும் அதே ஆட்டம்தான்" என்றார். கஸ்தூரிரங்கன் உட்கார்ந்தார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று பக்கத்திலிருந்தவருக்குப் புரியவில்லை. அவருக்கே புரியவில்லை என்பதுதான் உண்மை.

வீட்டுக்கு மூன்று பேரும் கோயில் குளத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். வீடு வந்ததும் கஸ்தூரிரங்கன் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த சுந்தரராமனின் குடையை எடுத்துத் துடைத்தார். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஆதம்பாக்கம் வரைக்கும் போயிட்டு வரலாமா?" என்று சூடாமணியைக் கேட்டார். ஸ்ரீரஞ்சனி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளை உள்ளே போகச்சொல்லிக் கண்ணைக் காட்டினாள். இந்த மாதிரி வேளையில் குறுக்கே ஒரு வார்த்தை விழுந்தாலும் காரியம் கெட்டுவிடும் என்பது இருவருக்கும் தெரியும்.

ஆதம்பாக்கத்தில் சுந்தரராமன் வீட்டு வாசலில் தெருவெல்லாம் மழைத் தண்ணீர். செங்கல் போட்டு வழி பண்ணியிருந்தார்கள். அவன் அம்மா சொர்ணம் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துச் சூடாமணியைத் தாண்டவைத்தாள். ஒல்லியான மனுஷி, பேச்சில் மட்டும் பருமன். சுந்தரராமனைக் காப்பிப்பொடி வாங்கக் கடைக்கு விரட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

கஸ்தூரிரங்கன் பஸ்ஸில் வரும்போதே சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தி வைத்திருந்தார். மறைக்கப் போவதில்லை. குரு அஸ்தங்கம் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு, புதுக் குருவின் விஷயத்தையும் சொல்ல வேண்டும். அப்புறம் அவர்கள் இஷ்டம். பழத்தட்டை நகர்த்திவைத்தார்.

"முதல்ல ஜாதக விஷயம் ஒண்ணு பேசிடணும்" என்றார். "பிள்ளையோட ஜாதகம் நான் இன்னும் பாக்கலை. எங்காத்துப் பொண்ணு ஜாதகத்துல..."

"பிள்ளைக்கு ஜாதகமே கிடையாதே மாமா" என்றாள் சொர்ணம்.

"கிடையாதா?"

"இருந்தது. நேக்கும் எங்காத்துக்காரருக்கும் பத்துக்குப் பத்து பொருத்தம். பாத்துச் சொன்னவர் சாமானியப்பட்டவர் இல்லை, ஊரே கொண்டாடின ஜோசியர். இப்படி ஒரு ஜோடியை நான் கண்டதில்லைன்னு எழுதியே குடுத்தார். சுந்தரம் தவழறச்சே எங்காத்துக்காரர் போயிட்டார். காரியமெல்லாம் முடிஞ்சதும் மூணு பேர் ஜாதகத்தையும் எடுத்துண்டு போய் அடையாத்துத் தண்ணில விட்டுட்டேன். அதுக்கப்புறம் எழுதவும் இல்லை, தேடவும் இல்லை."

இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. நேற்று மழையில் கூரை ஒழுகியதைச் சொல்வதுபோல் சொன்னாள். கஸ்தூரிரங்கன் வரிசைப்படுத்தி வைத்திருந்தது எல்லாம் எங்கேயோ போய்விட்டது. பத்துக்குப் பத்து. தன் கையால் எத்தனை பேருக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். தலை குனிந்திருந்தது.

"எங்க பொண்ணுக்கு குரு அஸ்தங்கம்" என்றார். வேறு எதுவும் வாயில் வரவில்லை. "உங்க பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு..."

"தெரியும். சுந்தரம் சொன்னான்." சொர்ணம் பழத்தட்டைத் தன் பக்கம் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "என் பிள்ளைக்கு எதுவும் ஆயிடக் கூடாதுன்னு பத்து வருஷமா பயந்துண்டே இருந்திருக்கேளாம். இவன் யாருன்னே உங்களுக்குத் தெரியாது அப்ப. இவனுக்காகப் பயப்பட இந்த லோகத்துல நான் ஒருத்திதான்னு நெனச்சிண்டிருந்தேன் மாமா. எனக்குத் தெரியாம இன்னொருத்தரும் மயிலாப்பூர்ல உக்காந்து பயந்துண்டு இருந்திருக்கார். அந்த ஆத்துலேர்ந்து பொண்ணு எடுக்காம நான் வேற எங்க போய் எடுப்பேன்?"

சூடாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கஸ்தூரிரங்கன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே செங்கல் மேல் கால் வைத்து வைத்து, கையில் காப்பிப்பொடிப் பொட்டலத்தோடு சுந்தரராமன் வந்துகொண்டிருந்தான். வழுக்கிவிடப் போகிறானே என்று இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவன் வழுக்கவில்லை. கொஞ்சம் ஆடினான், சமாளித்துக்கொண்டான், வந்து சேர்ந்தான்.

"தை மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமையாப் பாருங்கோளேன்" என்றாள் சொர்ணம். "எல்லாருக்கும் லீவு. தெரிஞ்சவா எல்லாரும் சாவகாசமா வந்து சாப்பிட்டுட்டுப் போவா."

கஸ்தூரிரங்கனின் உதடு பழக்கத்தால் அசைந்தது. திதி, நட்சத்திரம், லக்னம் என்று கேட்கப் போகிறார் என்றே சூடாமணி நினைத்தாள். அவர் விரலை மடக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை" என்றார். "ஞாயித்துக்கிழமை நன்னாத்தான் இருக்கும்."